பிள்ளை சொன்னது அவ்வளவுதான்

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. அதைச் சாப்பிட்டுவிட்டு என் முகத்துக்கு நேரே "உப்புக் கூடிட்டு" என்று சொன்ன ஒரே ஆள் அந்த அக்காதான். கேட்டது என் பிழை. "கத்தரிக்காய்க் கறி எப்பிடி அக்கா?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்கிற ஒரு பதில் இருக்கிறது. அக்காவிடம் அந்தப் பதில் இருக்கவில்லை.

"உப்புக் கூடிட்டு, புள்ள. பருப்பு நல்லா இருக்கு."

என் கணவர் புரையேறச் சிரித்தார். "கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் நான் சொல்லப் பயந்ததை, அக்கா வந்த கையோடை சொல்லிப்போட்டா" என்றார். அக்கா சிரிக்கவில்லை. கறியை மிச்சம் விடாமல் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, பிள்ளை இருந்த அறைக்குப் போனார்.

அக்காவின் பெயரை நான் இதில் எழுதவில்லை. அவர் விரும்பமாட்டார். அந்தப் பிள்ளையின் பெயரை எழுதச் சட்டம் விடாது. வீட்டில் அவளைக் குஞ்சு என்று கூப்பிட்டோம். ஏழு வயது. தாய் தகப்பனோடு இருக்க முடியாமல் போகிற பிள்ளைகளை அரசாங்கம் எங்களைப் போன்ற குடும்பங்களிடம் கொண்டுவந்து விடும். எங்கள் பிள்ளைகள் படிக்கப் போய்விட்டார்கள். ரொறொன்ரோவில் ரூஜ் பக்கம் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடந்தது. கடவுள் தந்த இடத்தைப் பூட்டி வைத்திருப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அப்படித்தான் வளர்ப்புக் குடும்பமாகப் பெயர் கொடுத்தோம். கொரோனாவுக்கு முந்திய காலம் அது.

குஞ்சுவின் தாய் கெட்டவள் இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு மனம் குழம்பிப்போனவள். வேலைக்குப் போகும்போது, பிள்ளை றோட்டுக்குப் போய்விடும் என்ற பயத்தில் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பிள்ளை கதவைத் தட்டி அழுகிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் அறிவித்துவிட்டார்கள். பிறகு அது கோர்ட்டுக்குப் போனது. குஞ்சு தாயிடம் திரும்பிப் போவாளா இல்லையா என்பதை ஒரு நீதவான் சொல்லவேண்டும்.

பிள்ளைக்கென்று கோர்ட் ஒரு லோயரைக் கொடுத்தது. அந்தப் பெண்ணின் கையில் எத்தனையோ பிள்ளைகளின் கேஸ். ஆகவே பிள்ளையோடு பழகி, அது என்ன நினைக்கிறது என்று கேட்டறிந்து, லோயரிடமும் தேவையானால் நீதவானிடமும் சொல்வதற்குத் தொண்டாக ஒருவரைப் போடுவார்கள். குஞ்சுவுக்குத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டபோது வந்தவர்தான் அக்கா. மட்டக்களப்புப் பக்கம். ஒரு ஹோட்டலின் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. லீவு நாட்களில் இந்த வேலை, சம்பளம் கிடையாது.

முதல் நாள் வந்தபோது நான் குஞ்சுவை முழுகவார்த்து, திருநீறு பூசி, சோபாவில் இருத்தி வைத்திருந்தேன். அக்கா சோபாவில் இருக்கவில்லை. நிலத்தில் இருந்தார். நான்தான் கதையைத் தொடக்கிக் கொடுத்தேன்.

"அவளுக்கு இஞ்சை நல்ல விருப்பம் அக்கா. என்ன குஞ்சு, விருப்பம்தானே?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. "புள்ள சொல்லட்டும்" என்றார்.

பிள்ளை சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். அக்காவும் வற்புறுத்தவில்லை. எங்கள் வீட்டுக் கம்பளத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு, யன்னலுக்கு வெளியே பனி விழுவதை அவளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் வந்தேன், தேத்தண்ணி வைத்தேன், அது ஆறிப்போனது. போகும் நேரம் எழும்பி, "இண்டைக்குப் புள்ள ஒண்டும் சொல்லல்ல. அப்பிடியே சொல்லுவன்" என்றார்.

"ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லுறதுக்கோ அக்கா இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"ஓம். அதுவும் அவள்தானே சொன்னது."

அவர் போன பிறகு என் கணவர் அவருக்கு வைத்த பெயர் ரேப் ரெக்கோடர். "போட்டதைத்தான் பாடும். ஒரு சொல்லுக் கூடாது, ஒரு சொல்லுக் குறையாது."

உண்மையில் அவர் எல்லா இடத்திலும் அப்படித்தான். ஒரு அரங்கேற்றத்தில் அவரைக் கண்டேன். ஆடின பிள்ளையின் தாய் காஞ்சிபுரமும் கண்ணீருமாக வாசலில் நின்று எல்லோரிடமும் "எப்பிடி எங்கடை மகள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தெய்வமே வந்து ஆடினது என்று ஒருவர் சொன்னார். இந்த ரொறொன்ரோவில் இப்படி ஒரு ஆட்டம் பார்க்கவில்லை என்று இன்னொருவர். அக்காவின் முறை வந்தது.

"நான் பிந்தி வந்தன் தங்கச்சி. கடைசி ஆட்டம்தான் பார்த்தன். புள்ள களைச்சிருந்தாள்."

அந்தத் தாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சாப்பாட்டு நேரம் நான் கண்ட காட்சி வேறு. ஆடின பெண் நகையெல்லாவற்றோடும் அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்திருந்து, சலங்கை கட்டின காலை நீட்டி, "களைப்புத்தான் அன்ரி, சரியான களைப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் அவரிடம் அப்படித்தான் போனார்கள். குஞ்சுவும் போகத் தொடங்கினாள். நான் மடியில் வைத்துக் கொஞ்சிக் கேட்டாலும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

ஒருநாள் றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு அவரோடு அவருடைய காரில் போனேன். நான் பிள்ளையாரிடம் கேட்டது ஒன்றுதான். தாய் சுகமாகும் வரைக்கும் குஞ்சு எங்களோடு இருக்கட்டும், சுகமானதும் தாயிடமே போகட்டும். திரும்பி வரும் வழியில் காரை ஓட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"அந்தத் தாய் என்னட்டை அழுதவ அக்கா. நீங்களும் தமிழ் எண்டதாலை அவவுக்கு ஒரு நம்பிக்கை. ஒரு நல்ல சொல்லுக் கூட்டிச் சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?"

அக்கா காரை ஹைவேக்கு ஏற்றினார். பிறகு சொன்னார்.

"நான் இஞ்ச வந்து அகதிக் கேஸ் சொல்லக்குள்ள மொழிபெயர்க்க ஒரு பொடியன் வந்தவன். நல்ல பொடியன். என்ட கதையைக் கேட்டு அவனுக்கே கண் கலங்கிட்டு. என்ட தம்பியக் கூட்டிக்கொண்டு போனாங்க எண்டுதான் நான் சொன்னன். அடிச்சு இழுத்துக்கொண்டு போனாங்க எண்டு அவன் சொல்லிட்டான். எனக்கு நல்லது செய்யத்தான். முந்தி எழுதிக் குடுத்த பேப்பரில அடிச்ச கதை இல்ல. பொய் சொல்லுறா எண்டு போட்டுட்டாங்க."

"பிறகு?"

"பிறகு திரும்பத் திரும்ப மனுப் போட்டு, கடைசியில தந்தாங்க. அதுக்குள்ள ஊரில விட்டுட்டு வந்த என்ட மகள் வளந்திட்டாள். எயார்போட்டில என்னை அன்ரி எண்டு கூப்பிட்டாள்."

அதைச் சொல்லிவிட்டு சிக்னல் போட்டு அடுத்த லேனுக்கு மாறினார். நான் மடியிலிருந்த பிரசாதப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு நான் அவரிடம் எதையும் கூட்டச் சொல்லிக் கேட்கவில்லை. குறைக்கச் சொல்லித்தான் கேட்டேன். அது மார்கழி கழிந்து, வழக்குக் கிட்ட வந்த நேரம்.

குஞ்சு கடைசியில் வாய் திறந்து சொல்லியிருந்தாள். அக்கா அதைப் பிள்ளைக்கு முன்னாலேயே எனக்குத் திருப்பிச் சொன்னார், சரியோ என்று அவளிடம் கேட்டுக்கேட்டு.

"அம்மாட்ட போகவேணும் எண்டு சொன்ன நீ. சரியா மனே?"

குஞ்சு தலையாட்டினாள்.

"லொக் பண்ணுற சத்தம் ஸ்கெயரியா இருக்கு எண்டும் சொன்ன நீ."

அதற்கும் தலையாட்டினாள்.

பிள்ளை விளையாடப் போனதும் நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "ரெண்டாவதை விடுங்கோவன் அக்கா. தாய் இப்ப மருந்து எடுக்கிறா. கதவும் பூட்டுறேல்லை எண்டு சொல்லுறா. அதைச் சொன்னால் பிள்ளையைக் குடுக்கமாட்டினம்."

"ரெண்டும் புள்ள சொன்னது. பாதியச் சொன்னா அது என்ட கதை. அவளிட கதை இல்ல."

"குடுக்காட்டி?"

"தெரியாது, புள்ள" என்றார் அக்கா. தெரியாததைத் தெரிந்த மாதிரி அவர் ஒருநாளும் காட்டியதில்லை. எல்லாம் சரிவரும், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நான் மூச்சுக்கு மூச்சுச் சொல்கிறவள். அக்காவும் கோயிலில் கண்ணை மூடிக் கும்பிடுகிறவர்தான். ஆனால் கடவுள் என்ன செய்வார் என்று கடவுளுக்காகவும் அவர் சொன்னதில்லை.

வழக்கு நாள் வந்தது. அதற்கு இரண்டு நாள் முந்தித் தாயின் சொந்தத்தில் ஒரு கலியாணம். எங்கேயெல்லாமோ இருந்து சனம் வந்திருந்தது. அவ்வளவு காலமும் தாய் தன் பிள்ளையை எடுத்துவிட்டார்கள் என்பதைச் சொந்தக்காரருக்கு மறைத்து வைத்திருந்தவள். வெட்கம். அரசாங்க ஆட்கள் கேட்டபோதும், எனக்கு ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டாள். கலியாண மண்டபத்தில் யாரோ "எங்கை பிள்ளை?" என்று கேட்க, உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஒருவருக்குக் கஷ்டம் என்றால் காசு பணத்துக்கு முதல், தலைகளைக் கொண்டுபோய் நிறுத்துவோம். செத்த வீட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதுதானே பேச்சு. அவளின் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் சொன்னாராம், "சனமெல்லாம் நிக்குது, அப்பிடியே எல்லாருமாய்க் கோர்ட்டுக்குப் போவம். இவளுக்குப் பின்னாலை ஆக்கள் இருக்கினம் எண்டு நீதவான் பார்க்கட்டும்."

அப்படியே வந்தார்கள். பட்டுச் சேலையும் கோட்டும் சூட்டுமாக கோர்ட்டின் நீளமான நடைவழி நிரம்பிவிட்டது. ஒரு பெரியவர் கலியாண வீட்டில் மிஞ்சின ரோல்ஸ் பலகாரத்தை ஒரு பெட்டியில் கொண்டுவந்து காவல்காரருக்கும் நீட்டினார். காவல்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உள்ளே ஒருவரையும் விடவில்லை, குடும்ப வழக்குகளை அப்படிப் பார்க்க விடமாட்டார்கள் என்று சொன்னார்கள். அது பரவாயில்லை, நாங்கள் வெளியிலே நிற்கிறோம் என்று அவர்கள் நின்றார்கள்.

பிள்ளையின் லோயர் அவளோடு கதைக்க விரும்பியதால் குஞ்சுவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். பிள்ளையைக் கண்டதும் எல்லோரும் சூழ்ந்துவிட்டார்கள்.

"என்னைத் தெரியுதோ? நான் பெரியம்மா."

"என்னை மறந்துபோனியோ? நீ பிறந்தவுடனை தூக்கினது நான்தான்."

"தாயை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு. ஏன் இப்பிடி மெலிஞ்சுபோனாய், சாப்பிடுறேல்லையோ?"

இதைச் சொன்னவர் என்னையும் ஒருமுறை பார்த்தார்.

குஞ்சுவுக்கு ஒருவரையும் தெரியாது. என் கையிலிருந்து நழுவி, ஆட்களுக்குள்ளால் புகுந்து, சுவரோர வாங்குப் பலகையில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்திருந்தாள். அவள் எட்மன்ரனிலிருந்து வந்தவள், தாய்க்குத் தங்கை முறை, பிள்ளை இல்லாதவள். அவ்வளவு சனத்திலும் பிள்ளையிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

நான் கண்டேன். எனக்குப் பக்கத்தில் நின்று அக்காவும் கண்டார்.

உள்ளே நடந்ததை அக்காதான் பிறகு எனக்குச் சொன்னார், நடந்தது நடந்தபடி. அரசாங்கத்தின் லோயர் எழும்பி, வெளியே இவ்வளவு சொந்தம் நிற்கிறது, தாய் ஏன் ஒருவரும் இல்லை என்றார் என்று கேட்டாராம். பிள்ளை சொன்ன இரண்டு வசனத்தையும் அக்கா சொன்னார். பிறகு நீதவான் அக்காவைப் பார்த்து, அந்தச் சொந்தக்காரரில் யாரையாவது பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

"நான் சொன்னன், ஒருத்தரையும் பேர் சொல்லித் தெரியாது. ஒரு பொம்புளையிட சேலையப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். ஏன் எண்டு எனக்குத் தெரியாது."

அக்கா சொன்னதில் கடைசி வசனத்தை ஒருவரும் பிடிக்கவில்லை. சேலையைப் பிடித்தார்கள்.

வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. எட்மன்ரன்காரரை விசாரித்தார்கள். வீடு பார்த்தார்கள், பொலிஸ் பதிவு பார்த்தார்கள். பழுதில்லாத சனம், புருஷன் பெண்சாதி இருவருக்கும் நல்ல வேலை. இரத்த உறவு இருக்கும்போது வேற்று வீட்டில் ஏன் என்று முடிவாகியது. தாயிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. விமானத்தில் போகவேண்டிய தூரம். தாயின் சம்பளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் பெரிய காரியம்.

முடிவு வந்த அன்று தாய் கோர்ட் படியில் அப்படியே இருந்துவிட்டாள். அக்கா பக்கத்தில் போனார்.

"நீங்கள் எங்கடை ஆள் எண்டு நம்பினன் அக்கா" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். "சேலையைப் பிடிச்சதை ஏன் சொன்னனீங்கள்? அவள் பயத்திலை பிடிச்சவள். அதை நீங்கள் பார்க்காத மாதிரி விட்டிருக்கலாம்."

அக்கா "கண்டன், சொன்னன்" என்றார். படியில் அவளோடு இருந்தார். அவள் எழும்பிப் பஸ்ஸுக்குப் போகும் வரைக்கும் இருந்தார்.

அன்று வீட்டில் என் கணவர் ரேப் ரெக்கோடர் பகிடி விடவில்லை. நானும் அக்காவில் கோபமாக இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. தாயில் கோபப்படப் பார்த்தேன். ரோல்ஸ் கொண்டுவந்த பெரியவரில்கூடக் கோபப்பட முடியவில்லை. அந்த மனுஷன் நல்லதை நினைத்துத்தானே விடிய எழும்பி வெளிக்கிட்டு வந்தது. எல்லோரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். சுவாமி அறையில் போய் நின்றால் என்ன கேட்பதென்று எனக்கு வரவில்லை.

குஞ்சுவைக் கூட்டிப்போக எட்மன்ரன் சித்தியும் புருஷனும் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். வாடகைக் கார். பனி கரைந்து எங்கள் முற்றத்துப் புல் தெரியத் தொடங்கியிருந்தது. சித்தி ஊதா நிறத்தில் ஒரு புதுக் குளிருடுப்பு வாங்கி வந்திருந்தாள். பாவம், அளவு பெரிதாகப் போய்விட்டது என்று கையை மடித்து மடித்து விட்டாள்.

அக்காவும் வந்திருந்தார். அவர் வரவேண்டிய தேவை இல்லை, அவருடைய வேலை கோர்ட்டோடு முடிந்துவிட்டது. குஞ்சு சப்பாத்துப் போடும்போது அக்கா கீழே இருந்து நாடாவைக் கட்டினார். அப்போது குஞ்சு கேட்டாள்.

"நான் எட்மன்ரன் போகவேணும் எண்டு சொன்னனானா?"

"இல்ல மனே. நீ அப்பிடிச் சொல்லல்ல."

"அப்ப ஆர் சொன்னது?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஏதாவது சொல்லி மூட வாயெடுத்தேன். அங்கே பெரிய வீடு குஞ்சு, சைக்கிள் வாங்கித் தருவினம் என்று ஏதோ ஒன்று. அக்கா கையை உயர்த்தி என்னை மறித்தார்.

"ஒருத்தரும் சொல்லல்ல மனே. நீ சித்தியிட சேலையப் பிடிச்சத நான் கண்டன். கண்டதைச் சொன்னன். பெரிய ஆக்கள் அதை வைச்சு முடிவெடுத்தாங்க."

குஞ்சு குளிருடுப்பின் கையை இழுத்து விட்டாள். "மற்ற ஆக்கள் நொய்ஸியா இருந்தவை" என்றாள்.

"ஏன் பிடிச்ச நீ எண்டு நான் கேக்கல்ல" என்றார் அக்கா. "கேட்டிருக்க வேணும்."

நாடா கட்டி முடிந்தது. குஞ்சுவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். பெட்டியைக் காரில் ஏற்றினார்கள். தாய் முந்தின நாளே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள், வாசலில் நின்று வழியனுப்பத் தன்னால் ஏலாது என்று. கார் பின்னுக்கு வந்து, திரும்பி, எங்கள் தெருவின் முடிவில் வளைந்து போனது.

நான் திரும்பியபோது அக்கா தன் காருக்குள் இருந்தார். ஏறியிருந்தாரே தவிர ஸ்ரார்ட் பண்ணவில்லை. கை இரண்டும் மடியில் கிடந்தது. நான் போய் யன்னல் பக்கம் நின்றேன். கண்ணாடியை இறக்கினார்.

"நான் பார்க்கல்ல புள்ள" என்றார். "கார் போகக்குள்ள குனிஞ்சிட்டன். ஏலாமப் போயிட்டு. நீ பார்த்த நீயா?"

"பார்த்தனான் அக்கா."

"திரும்பிப் பார்த்தவளா?"

"ஓம். பின்கண்ணாடியாலை பார்த்தவள். உங்களைத்தான் தேடினவள்."

அக்கா யன்னல் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"கை காட்டினவளா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன், சொல்லிவிட்டு அதைப் புண்ணியம் என்றும் நினைத்திருப்பேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அக்கா" என்றேன். "கை காட்டேல்லை. பார்த்தவள், அவ்வளவுதான்."

அக்கா தலையாட்டினார். "சரி, புள்ள" என்று சொல்லிக் காரை ஸ்ரார்ட் பண்ணினார்.